கோல்டன் பெர்ரி வளர்ப்பு: விதைத் தட்டிலிருந்து ஜாம் பாட்டில் வரை

"செடி ஆளுயரம் வந்துவிட்டது, பழத்தைத்தான் காணோம்." காகிதம் போன்ற உறைக்குள் மஞ்சள் பழம் வைக்கும் கோல்டன் பெர்ரிச் செடியை வைத்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் சொன்னது இதுதான். விசாரித்தால் ஒன்று விதை போட்ட மாதம் தப்பாக இருக்கும், இல்லையென்றால் உரம் ஜாஸ்தி. இரண்டும் சரியாக அமைந்தவர்கள் அவசரப்பட்டுக் காயாகப் பறித்துவிட்டு, "புளிக்கிறது, கசக்கிறது" என்று செடியையே பிடுங்கிப் போட்டிருப்பார்கள். அதனால் எதைச் செய்வது என்பதோடு எதை எப்போது செய்வது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். வரிசை மாறினால் இந்தச் செடி மன்னிக்காது.

1. விதை வாங்கும் முன் மாதத்தை எண்ணுங்கள்

விதை போட்ட நாளிலிருந்து முதல் பழம் கைக்கு வர ஐந்து மாதம் ஆகும், ஆறும் ஆகலாம். நாற்றுக்கு 6 முதல் 8 வாரம், நட்டபின் பூ வர ஒன்றரை மாதம் போல, பூ பழமாக 70 முதல் 80 நாள். தக்காளிக் கணக்கில் இதை எதிர்பார்த்தால் பாதி வழியிலேயே பொறுமை போய்விடும்.

இந்த ஐந்து மாதத்தில் பூப்பூக்கும் காலம்தான் முக்கியம். பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பூக்கள் காய் பிடிக்காமல் உதிரும். உறைபனி பட்டால் செடியே கருகும். ஆண்டிஸ் மலைத்தொடரின் செடி இது. கொலம்பியாவில் வணிகமாகப் பயிரிடும் இடங்கள் கடல் மட்டத்திலிருந்து 1800 மீட்டருக்கு மேலேதான் இருக்கின்றன. அதிகச் சூடும் ஆகாது, பனியும் ஆகாது என்பதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே பின்னாலிருந்து எண்ணுங்கள். வெயில் கடுமையான ஊர் என்றால், வெயில் தணிந்து குளுமையான மாதங்கள் தொடங்கும்போது செடி பூக்கும்படி, அதற்கு மூன்று மூன்றரை மாதம் முன்னால் விதை போடுங்கள். பனி விழும் ஊர் என்றால், கடைசி உறைபனிக்கு 8 வாரம் முன்னால் வீட்டுக்குள் விதை போட்டு, பனி நின்றபின் வெளியே நடுங்கள். நான் பார்த்த தோல்விகளில் அதிகமானவை விதைப் பாக்கெட் கைக்கு வந்த அன்றே விதைத்ததால் வந்தவை.

2. கையில் இருப்பது சரியான விதைதானா?

உறைக்குள் பழம் வைக்கும் செடிகள் பல உண்டு. விதைப் பாக்கெட்டில் "ஃபைசாலிஸ் பெருவியானா" என்ற தாவரவியல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கேப் கூஸ்பெர்ரி என்று விற்பதும் இதே செடிதான்.

கிரவுண்ட் செர்ரி என்று விற்பது வேறு இனம். அது முழங்கால் உயரத்தில் படரும், சீக்கிரம் பழுக்கும், பழமும் சிறியது. அதுவும் நல்ல செடிதான். ஆனால் கீழே சொல்லும் இடைவெளி, குச்சி, காலக்கணக்கு எதுவும் அதற்குப் பொருந்தாது. சைனீஸ் லான்டர்ன் என்பது சிவப்பு கலந்த ஆரஞ்சு உறைக்காக வளர்க்கும் அழகுச்செடி. இதே போல உறைக்குள் காய்க்கும் இன்னொரு செடியான டொமாட்டிலோவுக்குக் காய் பிடிக்கக் குறைந்தது இரண்டு செடி வேண்டும். கோல்டன் பெர்ரிக்கு அந்தக் கவலை இல்லை, தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஒற்றைச் செடி வைத்தாலும் போதும்.

களையாக முளைக்கும் சொடக்குத் தக்காளி இதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. தோட்டத்தில் தானாக முளைத்ததைப் பார்த்து "நான் போட்ட விதைதான்" என்று வளர்த்தவர்களும் உண்டு. கோல்டன் பெர்ரி இலையைத் தொட்டால் வெல்வெட் துணி போல மென்மையான ரோமம் கைக்குத் தெரியும். சொடக்குத் தக்காளியில் இலை பெரும்பாலும் வழவழப்பாகவே இருக்கும்.

3. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

நாற்றுத்தட்டு, சலித்த மெல்லிய கலவை (தென்னை நார்க்கழிவும் மட்கிய தொழு உரமும் சம அளவு), தண்ணீர் தெளிப்பான், 10 செ.மீ. வாய் உள்ள சிறு தொட்டிகள். பிறகு ஒரு செடிக்கு 1.5 மீட்டர் உயரமுள்ள உறுதியான குச்சிகள் மூன்று, மெத்தென்ற கட்டுக்கயிறு, மூடாக்குக்குக் காய்ந்த புல் அல்லது சருகு. மாடியில் வளர்ப்பதென்றால் குறைந்தது 20 லிட்டர் கொள்ளும் தொட்டி.

குச்சியை இப்போதே வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செடி சாய்ந்தபிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நானும் இருந்தேன். ஒரு இரவுக் காற்றில் காய் நிறைந்த கிளை ஒன்று கவட்டையோடு பிளந்து தொங்கியது. இந்தச் செடியின் தண்டு பார்க்கத் தடியாக இருக்கும், உள்ளே உறுதி கிடையாது.

4. விதை போடுவது

விதை கடுகைவிடச் சிறியது, தட்டையானது. ஒரு பழத்துக்குள்ளேயே நூறு விதைக்கு மேல் இருக்கும். அதனால் பாக்கெட்டைக் கவிழ்த்துக் கொட்டாதீர்கள். ஈரமான பல்குச்சியின் நுனியால் ஒவ்வொன்றாக எடுத்துக் குழிக்கு இரண்டு வையுங்கள்.

கலவையை முதலில் நனைத்துவிட்டு, பிறகு விதை. விதை போட்டபின் மேலே தண்ணீர் ஊற்றினால் அத்தனையும் ஒரு மூலைக்கு ஓடிவிடும். மேலே அரை செ.மீ.க்கு மிகாமல் கலவையைத் தூவி மூடுங்கள். ஆழமாகப் புதைத்தால் அவ்வளவு சின்ன விதைக்கு மேலே வரும் தெம்பு இருக்காது.

22 முதல் 27 டிகிரி வெப்பத்தில் 10 முதல் 20 நாளில் முளைக்கும். குளிராக இருந்தால் இன்னும் நாளாகும். இந்த இடைவெளியில்தான் புதியவர்கள் மனம் தளர்ந்து தட்டைக் கொட்டிவிடுகிறார்கள். ஐந்து வாரம் வரை வைத்திருங்கள். மேல்மண் காயக் கூடாது, அதே சமயம் சொதசொதவென்றும் இருக்கக் கூடாது. தட்டைத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் கால் மணி நேரம் வைத்து, அடியிலிருந்து உறிஞ்ச விட்டு எடுப்பதே நல்ல வழி.

முளைத்தவை ஒருநாள் காலையில் மண்மட்டத்தில் நூலாக இளைத்து விழுந்து கிடந்தால் அது நாற்றழுகல். ஈரம் ஜாஸ்தி, காற்றோட்டம் குறைவு என்று அர்த்தம். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. தட்டை மூடி வைத்திருந்தால் திறந்துவிட்டு, தண்ணீரைக் குறைத்து, மிச்சத்தைக் காப்பாற்றுங்கள். முளைத்த அன்றே தட்டை நல்ல வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். இருட்டில் இரண்டு நாள் விட்டால் கொடி போல நீண்டுவிடும்.

5. சிறு தொட்டிக்கு மாற்றம்

விதையிலைகளுக்குப் பிறகு உண்மையான இலைகள் இரண்டோ நான்கோ வந்ததும் மாற்றுங்கள். எடுக்கும்போது இலையைப் பிடிக்க வேண்டும், தண்டைப் பிடிக்கக் கூடாது. இலை கிழிந்தால் இன்னொன்று வரும். தண்டு நசுங்கினால் அதோடு சரி.

குழிக்கு இரண்டும் முளைத்திருந்தால் நோஞ்சானைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் சேர்ந்து வரும்.

செடி 15 முதல் 20 செ.மீ. ஆனதும் ஒரு வாரம், பத்து நாள் வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்தடுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் முழுநாள். நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துத் தீய்ந்துபோகும்.

6. இடம், மண், நடவு

நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். வெயில் சுள்ளென்று அடிக்கும் ஊரில் பிற்பகல் நிழல் கிடைத்தால் நல்லது.

மண் விஷயத்தில் ஒன்றே ஒன்று கட்டாயம்: தண்ணீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வேர் அழுகும். மற்றபடி சுமாரான மணல் கலந்த மண்ணே போதும். கார அமில நிலை 5.5 முதல் 7 வரை ஒத்துக்கொள்ளும்.

போன வருடம் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு இருந்த பாத்தியைத் தவிர்த்துவிடுங்கள். எல்லாம் ஒரே குடும்பம். அதன் மண்ணில் தங்கிய வாடல் நோயும் பூச்சியும் இதையும் பிடிக்கும்.

செடிக்குச் செடி ஒரு மீட்டர் விடுங்கள். கை அகல நாற்றுக்கு ஒரு மீட்டர் என்றால் வீணடிப்பதாகத் தோன்றும். எல்லோரும் இதில் கஞ்சத்தனம் செய்கிறார்கள். மூன்று மாதத்தில் கிளைகள் பின்னிக்கொண்டு, கீழே விழுந்த பழத்தை எடுக்கக் கை நுழைய வழியிருக்காது. காற்று புகாத புதருக்குள் வெள்ளை ஈ குடிவந்துவிடும்.

குழியில் இரண்டு கைப்பிடி மட்கிய உரம், அவ்வளவுதான். நாற்றை முதல் இலைக்குக் கீழே வரை சற்று ஆழமாக நடலாம். தண்டிலிருந்தும் வேர் விடும். மாலையில் நடுங்கள். நட்ட கையோடு மூன்று குச்சிகளையும் முக்கோணமாக ஊன்றிவிடுங்கள். பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும்.

7. உரம்: இங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்

என் முதல் வருடச் செடியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். வாரம் தவறாமல் சாணக் கரைசல். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரியது, கரும்பச்சை, செடி என்னைவிட உயரம். வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பருவம் முழுக்க அதில் கிடைத்த பழம் ஒரு தேநீர்க் கோப்பையை நிரப்பவில்லை.

தழைச்சத்து நிறையக் கிடைத்தால் செடிக்குப் பூக்கத் தோன்றாது, வளர்ந்துகொண்டே போகும். தரையில் நட்டிருந்தால் நடவின்போது போட்டதே போதும். தொட்டி என்றால், முதல் காய் உறை கட்டியபின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சாம்பல் சத்து மிகுந்த திரவ உரம் (தக்காளிக்கென்று விற்பது சரியாக இருக்கும்) நீர்த்த அளவில் கொடுங்கள். இலை மஞ்சளாகிறதே என்று பயந்து யூரியாவைத் தொடாதீர்கள். அடி இலைகள் சில மஞ்சளாகி உதிர்வது வயதானதால்.

தண்ணீர் வேறு கதை. வளரும்போது சீராக, ஆழமாக. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் உள்ளே பழம் வெடிக்கும். உறை மூடியிருப்பதால் வெடித்தது வெளியே தெரியாது, பூஞ்சை பிடித்தபிறகுதான் தெரியும். அடியில் மூடாக்கு போட்டால் ஈரம் ஒரே மாதிரி நிற்கும், விழும் பழமும் மண் படாமல் இருக்கும். பழம் பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கலாம்.

8. கிள்ளுவது, கட்டுவது

செடி 30 செ.மீ. ஆகியும் பூ வரவில்லை என்றால் நுனியை ஒரு முறை கிள்ளுங்கள், பக்கக் கிளைகள் வரும். அதற்குமேல் கத்தரிக்கோலை எடுக்க வேண்டாம். தண்டு இரண்டாகக் கவட்டை பிரிந்தபின் ஏறக்குறைய ஒவ்வொரு கணுவிலும் ஒரு பூ வருகிறது. தக்காளியில் பழகிய கை பக்கக் கிளையை ஒடித்துக்கொண்டே போகும்; இங்கே ஒடிப்பது அத்தனையும் பழம். மண்ணைத் தொடும் கிளை, காய்ந்த கிளை, இவற்றை மட்டும் எடுங்கள்.

கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது கயிறு உள்ளே வெட்டும்.

9. பூ காயாகும் இடம்

பூ மஞ்சள் நிறம், தலைகுனிந்து தொங்கும். அடியிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தால் ஐந்து பழுப்புத் திட்டுகள் தெரியும், யாரோ தூரிகையால் தொட்டு வைத்த மாதிரி. இதழ் உதிர்ந்ததும் பூவின் அடியில் இருந்த பச்சை உறை மெல்ல நீண்டு, நுனி குவிந்து, சின்ன காகித விளக்கு போல மூடிக்கொள்ளும். உறை சீக்கிரமே முழு அளவுக்கு வந்துவிடும். உள்ளே காய் அப்போதும் மிளகு அளவுதான் இருக்கும். ஆர்வத்தில் உறையைப் பிரித்துப் பார்க்காதீர்கள். பிரித்தது மறுபடி மூடாது, பூச்சிக்குக் கதவு திறந்த மாதிரி.

காற்றும் தேனீயும் இருந்தால் மகரந்தச் சேர்க்கை தானாக நடக்கும். மூடிய பால்கனி, பசுமைக்குடில் என்றால் காலையில் வெயில் ஏறியபின் பூத்த கிளைகளை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள்.

10. பூச்சியும் நோயும்

அதிகம் தொல்லை தரும் செடி இல்லை. வெள்ளை ஈ, அசுவினி, சிலந்திப்பேன் வரும். இலைக்கு அடியில் வாரம் ஒரு முறை பாருங்கள். ஆரம்பத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். நடுவெயிலில் தெளித்தால் இலை கருகும்.

இலையில் சிறு சிறு துளைகள் என்றால் தெள்ளு வண்டு. வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும், நாற்றுக்கு மட்டும் மெல்லிய வலை போடுங்கள். இலை மேல் மாவு தூவியது போல வந்தால் சாம்பல் நோய், நெருக்கத்தைக் குறையுங்கள். இலை திட்டுத் திட்டாக வெளுத்துச் சுருங்கினால் வைரஸாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை, பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். புகையிலை தொட்ட கையோடு இந்தச் செடியைத் தொட வேண்டாம், புகையிலைத் தேமல் வைரஸ் கை வழியாகவே பரவும்.

11. அறுவடை: பறிக்காதீர்கள், பொறுக்குங்கள்

முற்றிய பழம் உறையோடு தானாகக் கீழே விழும். அதுதான் அறுவடை.

உறை பச்சையாக இருக்கும்வரை தொடாதீர்கள். அது மஞ்சளாகி, பிறகு காய்ந்த வைக்கோல் நிறத்தில் காகிதம் போல ஆகும். அந்த நிலையில் கிளையை லேசாக அசைத்தாலே பழுத்தவை உதிரும். செடிக்கு அடியில் பழைய துணி ஒன்றை விரித்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை அசைத்துப் பொறுக்கிக்கொள்வது என் வழக்கம். மண்ணில் நாள்கணக்கில் கிடந்தால் நத்தையும் எறும்பும் முந்திக்கொள்ளும்.

உறையைப் பிரித்தால் பழம் முழுக்க ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்க வேண்டும். காம்புப் பக்கம் துளி பச்சை இருந்தாலும் உறையை மூடி, ஒரு வாரம் காற்றோட்டமாக வைத்துப் பாருங்கள். தானாக விழுந்தது என்றால் பெரும்பாலும் பழுத்துவிடும். அடர்பச்சைக் காயைப் பறித்து வைத்தால் சரியாகப் பழுக்காது.

இதை ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. பச்சைக்காய், இலை, தண்டு, உறை எல்லாவற்றிலும் நச்சுத்தன்மை உள்ள பொருட்கள் இருக்கின்றன. வயிற்றுவலி, வாந்தி வரலாம். வீட்டில் குழந்தைகளோ செல்லப்பிராணிகளோ இருந்தால் இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்: உறை காய்ந்து, உள்ளே முழுக்கப் பழுத்ததை மட்டும்தான் சாப்பிட வேண்டும்.

12. சேமிப்பு

உறைதான் இதற்கு இயற்கை தந்த பை. உறையோடு, கழுவாமல், ஈரமில்லாமல், அகலத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பிக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஒரு மாதத்துக்குமேல் தாங்கும். வைக்க வைக்கப் புளிப்பு குறைந்து இனிப்பு ஏறும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உறை வியர்த்து நான்கே நாளில் பூசணம்.

சாப்பிடும் நேரத்தில் உறையை நீக்குங்கள். பழத்தின் மேல் பிசுபிசுவென்று ஒரு பூச்சு ஒட்டும், விரலெல்லாம் பசை பிடித்த மாதிரி ஆகும். சாதாரணத் தண்ணீரில் அது சரியாகப் போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் போய்விடும். பலர் கசக்கிறது என்று சொல்வது இந்தப் பூச்சைத்தான்.

உறைவிப்பானில் வைப்பதென்றால் கழுவித் துடைத்து, தட்டில் தனித்தனியாக உறைய விட்டு, அப்புறம் டப்பாவில் போடுங்கள். உருகியபின் கொழகொழவென்று இருக்கும், சமையலுக்கு மட்டும் ஆகும்.

13. சமையலறையில்

அப்படியே சாப்பிடுவது முதல் வழி. சாலட்டில் இரண்டாக வெட்டிப் போட்டால் எலுமிச்சையே தேவைப்படாது.

ஜாம்: சுத்தம் செய்த பழம் ஒரு கிலோ, சர்க்கரை 600 கிராம், ஒரு எலுமிச்சையின் சாறு. முதலில் பழத்தை அரை கோப்பை தண்ணீரில் மூடி வேகவிடுங்கள். தோல் வெடித்து மசிந்தபின்தான் சர்க்கரை. முன்பே போட்டால் தோல் இறுகி மிட்டாய் போலக் கடிபடும். சர்க்கரை கரைந்ததும் தீயைக் கூட்டிக் கிளறுங்கள். இந்தப் பழத்தில் பெக்டின் நிறைய, அதனால் நினைப்பதைவிடச் சீக்கிரம் இறுகும். பத்து நிமிடத்திலேயே குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். மேலே சுருக்கம் விழுந்தால் இறக்குங்கள். "இன்னும் தண்ணியாக இருக்கிறதே" என்று நான் ஒருமுறை கூடுதலாகக் கால் மணி நேரம் விட்டேன். மறுநாள் பாட்டிலில் இருந்ததைக் கத்தியால் வெட்டித்தான் எடுக்க முடிந்தது.

உலர்த்துவது: பழத்தை இரண்டாக வெட்டி, வெட்டுப்பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். முழுதாகப் போட்டால் மெழுகுத் தோல் ஈரத்தை விடாது, வெளியே காய்ந்து உள்ளே புளித்துப் போகும். உலர்த்தும் கருவியில் 60 டிகிரிக்குள் வைத்தால் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அழுத்தினால் ஈரம் கசியாமல் தோல் போல வளைய வேண்டும். ஆறியபின் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு வாரம் கவனியுங்கள். உள்பக்கம் நீர்த்துளி தெரிந்தால் மறுபடி உலர்த்துங்கள்.

14. பருவம் முடிந்தபின்

பனி படாத இடத்தில் இது இரண்டு மூன்று வருடம் நிற்கும். காய்ப்பு ஓய்ந்ததும் தரையிலிருந்து 20, 30 செ.மீ. விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். ஆனால் வருடம் ஏற ஏறப் பழம் சிறுக்கும். அதனால் வெட்டும் முன் பூ இல்லாத நுனிக் கிளைகளில் 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு நான்கைந்து எடுத்து, அடி இலைகளை நீக்கி, ஈரக் கலவையில் நிழலில் குத்தி வையுங்கள். இப்படிக் குத்தி வைத்த கிளைத்துண்டிலிருந்து (போத்து) வரும் செடி விதைச்செடியைவிட முன்னதாகப் பூக்கும்.

விதை வேண்டுமென்றால், நன்றாகக் காய்த்த செடியின் பழுத்த பழம் இரண்டைத் தண்ணீரில் பிசைந்து விடுங்கள். சதை மிதக்கும், விதை அடியில் தங்கும். வடிகட்டி, நிழலில் காகிதத்தின் மேல் உலர்த்தி, தேதி எழுதி வையுங்கள்.

செடிக்கடியில் விட்டுப்போன பழங்களைக் கடைசியாக ஒருமுறை தேடி எடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் நூறு விதை என்பதை மறக்க வேண்டாம். ஹவாய்த் தீவுகளில் போஹா என்ற பெயரோடு இது காட்டுச்செடியாகவே பரவிக்கிடக்கிறது. தப்பி முளைத்த நாற்றுகளில் தடித்தது ஒன்றிரண்டைத் தொட்டிக்கு மாற்றிக்கொண்டு, மீதியைக் களையோடு சேர்த்துப் பிடுங்கிவிடலாம்.